முப்பத்தொன்பதாம் பக்கத்து மஞ்சள் கட்டம்

உடம்பில் கோளாறு எதுவும் இருக்கக் கூடாது என்று எல்லோரும் வேண்டிக்கொள்வார்கள். ஒரு கோளாறாவது இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு பரிசோதனைக் குழாயில் துப்பியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெரிய கோளாறு வேண்டாம். உயிருக்கு ஆபத்தில்லாமல், சாப்பாட்டில் கை வைக்காமல், தண்ணீரில் இறங்கக் கூடாது என்று மட்டும் சொல்கிற மாதிரி சின்னதாக, கச்சிதமாக ஒன்று போதும்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? எனக்குத் தண்ணீர் என்றால் பயம். குடிக்கிற தண்ணீர் இல்லை, நிற்கிற தண்ணீர். முழங்காலைத் தாண்டினால் கை கால் உதறும். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மனிதனுக்குத் தண்ணீர் பயம் இருப்பது பெரிய குற்றமில்லை. ஆனால் கல்யாணமான புதிதில் மனைவியிடம், "பத்து வயசுலயே ஆத்துல முழுகிப் போன ஒரு உயிரக் காப்பாத்தினவன் நான்" என்று அவன் சொல்லி வைத்திருந்தால் கொஞ்சம் சிக்கல். நான் சொல்லி வைத்திருந்தேன். ஒரு தடவை இல்லை. இருபத்தாறு வருடங்களாக, வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்லிக்கொண்டிருந்தேன். வருடத்துக்கு வருடம் அந்த ஆறு அகலமாகிக்கொண்டே வந்தது.

நடந்தது வேறு. முழுகியவன் நான். இழுத்துப் போட்டவள் என் அக்கா. அவளுக்கு அப்போது பதினான்கு வயது. என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துத்தான் கரைக்கு இழுத்தாள். இப்போது அந்த முடியும் இல்லை, ஆகவே சாட்சியும் இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். அக்கா வேறு ஊரில் இருந்தாள், அது இன்னும் பெரிய நிம்மதி.

என் மனைவி ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவள். மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடித்துச் சிவப்புப் பேனாவால் திருத்துவதுதான் வேலை. வீட்டுக்கு வந்தால் பேனாவை மூடி வைத்துவிடுவாள், கண்ணை மூடி வைக்க மாட்டாள். மருந்துப் புட்டி வாங்கினால் மற்றவர்கள் பெயரைப் பார்ப்பார்கள். அவள் அதைத் திருப்பி, அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும் எழுத்திலிருந்து ஆரம்பிப்பாள். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஊரில் பாதிப் பேருக்குச் சின்ன எழுத்து தெரிவது என் கைங்கரியம். எனக்குத்தான் சின்ன எழுத்து தெரிவதில்லை. பார்வையில் குறையில்லை, பொறுமையில்தான் குறை.

நான்கு மாதத்துக்கு முன்னால் அவளுக்கு முழங்கால் வலி வந்தது. எங்கள் வீடு இரண்டாவது மாடி. படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் ஏறினாள். மருத்துவர் பார்த்துவிட்டு, தண்ணீருக்குள் பயிற்சி செய்தால் மூட்டுக்கு நல்லது என்றார். பொது நீச்சல் குளத்தில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்குக் காலை வகுப்பு இருந்தது. புதிய அணி மூன்று மாதம் கழித்துத்தான் ஆரம்பம். அவள் இரண்டு விண்ணப்பங்களோடு வந்தாள்.

"எனக்கெதுக்கு?" என்றேன்.

"தனியா விட மாட்டாங்களாம். கூட ஒருத்தர் துணையா தண்ணியில இறங்கணுமாம். நீங்கதான் பெரிய நீச்சல்காரராச்சே."

இருபத்தாறு வருடம் கழித்து அந்த ஆறு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு விண்ணப்பத்தை நிரப்பினேன். பெயர், வயது, தொழில் எல்லாம் எழுதினேன். 'தண்ணீரில் முன் அனுபவம்' என்று ஒரு கோடு இருந்தது. பழக்க தோஷம். கை தானாகவே எழுதிவிட்டது: 'ஆற்றில் ஒருவரைக் காப்பாற்றியவர்.'

அவள் வாங்கிப் படித்தாள். அந்தக் கோட்டில் கண் நின்றது.

"எழுத்துலயே போட்டுட்டீங்களா?"

"ஏன், போடக் கூடாதா?"

"தாராளமா போடலாம். எழுத்துல வந்தா நான் பார்க்கணும், அவ்வளவுதான்."

ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்தாள். இரண்டையும் மேசை இழுப்பறையில் போட்டாள். அந்தப் புள்ளிக்கு அன்றைக்கு நான் அர்த்தம் கேட்கவில்லை. மூன்று மாதத்துக்குள் எப்படித் தப்பிப்பது என்ற யோசனையில் இருந்தேன். பயம் என்று சொல்ல முடியாது. சொன்னால் ஆறு போகும், காப்பாற்றிய உயிர் போகும், இருபத்தாறு வருட மரியாதை போகும். நானே வரத் தயார், உடம்பு விடவில்லை என்று சொல்ல ஒரு வழி வேண்டும்.

வழி கடைக்கே வந்தது. ஒரு ஆய்வுக்கூடத்தில் மாதிரி சேகரிக்கிறவர், கண்ணாடியின் காதுக்கம்பி தளர்ந்துவிட்டது என்று வந்தார். நான் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தபோது, அவர் தன் வேலையைப் பற்றிச் சொன்னார். இப்போதெல்லாம் எச்சிலை வாங்கி ஒரு ஆளின் மரபணுக்கள் முழுவதையும் வாசித்துவிடுகிறார்களாம். சுமார் இருபதாயிரம் மரபணுக்கள். எந்த எழுத்து எங்கே மாறியிருக்கிறது என்று பார்த்து, உலகம் முழுவதும் சேர்த்து வைத்திருக்கிற தகவல் களஞ்சியத்தோடு ஒப்பிடுகிறார்களாம். இதே மாற்றம் வேறு யாருக்கு இருக்கிறது, அவர்கள் நன்றாக இருக்கிறார்களா, படுத்துவிட்டார்களா என்று தெரிந்துவிடுமாம். எல்லோருக்கும் ஒரே மாத்திரை என்கிற காலம் போய்க்கொண்டிருக்கிறது, இனி ஆளுக்குத் தகுந்த வைத்தியம் என்றார். கேட்கக் கேட்க, இது என் மனைவி செய்கிற வேலைதான் என்று தோன்றியது. அவள் தாளில் செய்வதை இவர்கள் ஆளில் செய்கிறார்கள்.

"சிலருக்குச் சில மருந்து ஆகாதுன்னு வரும். சிலருக்கு நீந்தக் கூடாதுன்னுகூட வரும்," என்றார் அவர்.

முறுக்கிக்கொண்டிருந்த என் கை நின்றது. சில பேருக்கு இதயத் துடிப்பின் தாளம் மரபணுவிலேயே கொஞ்சம் கோணலாக இருக்கும், நீந்தும்போது அது தடுமாறலாம் என்று விளக்கினார். நான் அவர் கண்ணாடியின் கம்பி இரண்டையும் மாற்றி, மூக்குத் தாங்கியையும் புதிதாகப் போட்டு, துடைத்துக் கையில் கொடுத்தேன். ஒரு மனிதர் இதற்கு மேல் எனக்கு நல்லது செய்ய முடியாது.

இருபதாயிரம் மரபணுக்கள். அதில் ஒன்றாவது என் பக்கம் பேசாதா?

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ரத்த அழுத்தம் பார்க்கவே நான்கு தடவை கூப்பிட வேண்டிய ஆள் திடீரென்று தன் மரபணுவைப் பார்க்கிறேன் என்கிறானே என்று நினைத்திருப்பாள். தனிநபர் மருத்துவம், வருங்காலம், முன்னெச்சரிக்கை என்று மூன்று பெரிய வார்த்தைகளைப் போட்டுச் சமாளித்தேன்.

குழாய் வந்தது. அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் இருந்து, கோடு போட்ட இடம் வரை துப்ப வேண்டும். கடையில் நாள் முழுக்கப் பேசியே வாழ்கிறவன் நான். அன்றைக்குப் பார்த்து வாய் வறண்டுவிட்டது. பத்து நிமிடம் முயன்றும் குழாயின் அடிதான் நனைந்தது. எதிரே புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே, எலுமிச்சம்பழத்தை நினைத்துக்கொள்ளச் சொன்னாள். நினைத்தேன். பாதிக் குழாய் நிறைந்தது. அப்போது, "நேத்து உங்க அக்கா போன் பண்ணினாங்க" என்றாள். மிச்சப் பாதி வற்றிவிட்டது. மறுபடியும் எலுமிச்சம்பழத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

கூடவே ஒரு படிவம். கடைசிக் கேள்வி: 'உங்கள் முடிவுகளில் பிற்காலத்தில் மாற்றம் ஏற்பட்டால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும்?' நான் கைப்பேசியைத் தினமும் கடையில் மறந்துவிட்டு வருகிறவன். மனைவியின் எண்ணை எழுதினேன். வந்த முடிவு பிற்பாடு மாறும் என்று யார் கண்டது?

ஐந்து வாரத்தில் அறிக்கை கடைக்கு வந்தது. நாற்பத்தொரு பக்கம். நல்லதெல்லாம் பச்சைக் கட்டம். நான் பக்கம் புரட்டப் புரட்ட மனம் கீழே போய்க்கொண்டிருந்தது. ரத்தம் பச்சை. எலும்பு பச்சை. ஈரல் பச்சை. கண்கூடப் பச்சை. என் காதில் எந்த வகைக் குறும்பி வரும் என்பதுவரை சொல்லியிருந்தார்கள், அதுவும் பச்சை. இவ்வளவு ஆரோக்கியமாக இருந்து என்ன பிரயோஜனம் என்று நொந்துபோனேன். வாசலில் நின்ற வாடிக்கையாளர், ஏதோ கெட்ட செய்தி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அப்புறம் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

முப்பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு மஞ்சள் கட்டம் இருந்தது.

'இதயத் துடிப்பின் தாளம் தொடர்பான மரபணுவில், முக்கியத்துவம் உறுதியாகாத மாறுபாடு ஒன்று காணப்படுகிறது. இந்த மரபணுவில் தீங்கு விளைவிக்கும் மாறுபாடு உள்ளவர்களுக்கு, நீந்தும்போது துடிப்பு தடுமாறக்கூடும்.'

கடையை அரை மணி முன்னதாகவே அடைத்தேன். வீடு வரைக்கும் வாயில் ஏதோ பாட்டு வந்துகொண்டிருந்தது. மாடிப்படியில் அதை நிறுத்தி, முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு உள்ளே போனேன். அவள் எதிரில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திப் படித்தேன்: "இதயத் துடிப்பு மரபணுவில் மாறுபாடு காணப்படுகிறது. மாறுபாடு உள்ளவர்களுக்கு நீந்தும்போது துடிப்பு தடுமாறக்கூடும்." குளத்துக்கு வர எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்றும் ஒரு வார்த்தை சேர்த்தேன்.

கோபப்படுவாள், சலித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. அறிக்கையை வாங்கிப் படித்தாள். ஒரு தடவை, இன்னொரு தடவை.

"ரெண்டு இடத்துல விட்டுட்டுப் படிச்சீங்க," என்றாள்.

"எங்க?"

"'முக்கியத்துவம் உறுதியாகாத.' அப்புறம், 'தீங்கு விளைவிக்கும்.'"

"அவசரத்துல விட்டிருப்பேன்."

"முக்கியத்துவம் உறுதியாகாததுன்னா என்ன?"

"இருக்கு. ஆனா அதனால என்ன ஆகும், ஏதாவது ஆகுமா, ஒண்ணும் தெரியாது."

"உங்கள மாதிரின்னு சொல்லுங்க."

கிண்டல் செய்தாளே தவிர, குரல் சரியாக இல்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். குளத்துக்குப் போகிற பேச்சு அன்றோடு நின்றது. நான் ஜெயித்துவிட்டேன்.

ஜெயித்தவனுக்கு நடந்ததைக் கேளுங்கள். திடீர்ச் சத்தம் இதயத்துக்கு ஆகாது என்று எங்கோ படித்துவிட்டு வாசல் மணியைக் கழற்றினாள். 'மெதுவாகத் தட்டவும்' என்று ஒரு அட்டை எழுதி மாட்டினாள். பால்காரர் அதைப் படிக்காமல், மணி இல்லாத கடுப்பில் கதவை உடைக்கிற மாதிரி தட்டினார். காலை அலாரம் போயிற்று. தொலைக்காட்சியில் விளையாட்டுப் பார்ப்பது போயிற்று. படபடப்பு கூடாதாம். கீழ்வீட்டுக்காரரோடு வண்டி நிறுத்துவது பற்றி நான் பதினொரு வருடமாக ஆசையாக நடத்திவந்த சண்டையையும் அவளே போய்ச் சமாதானமாக முடித்துவிட்டு வந்தாள். கடைக்குப் போகும்போது சாப்பாட்டுப் பையைக்கூட அவளே தூக்கிக்கொண்டு கீழே வரை வந்தாள், அந்த முழங்காலோடு.

அதுதான் எனக்கு உறுத்தியது. படியில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்க, பின்னால் கையை வீசிக்கொண்டு நான் இறங்கினேன். வேறு யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு வகுப்பில் சேரேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

"துணைன்னா நீங்கதானே," என்றாள். "நீங்க வராட்டி எனக்கும் வேண்டாம். கால் எங்க போயிடப் போகுது."

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லிவிட நினைத்தேன். அது தொண்டை வரை வந்து அங்கேயே குடியேறிவிட்டது.

நான் மஞ்சள் கட்டத்தோடு நிறுத்திக்கொண்டேன். அவள் நாற்பத்தொன்றாம் பக்கம் வரை போயிருந்தாள். அங்கே எறும்பு எழுத்தில், சந்தேகம் இருந்தால் மரபணு ஆலோசகரைக் கேட்கலாம் என்று ஒரு எண் போட்டிருந்தார்களாம். கேட்டுவிட்டாள். ஈசிஜி எடுக்கச் சொன்னார்கள். எடுத்தோம். என் இதயம் கொஞ்சமும் விசுவாசமில்லாமல் ஒழுங்காக அடித்தது. ஆனாலும் அது மட்டும் போதாது, ரத்த சொந்தத்தில் வேறு யாருக்காவது இதே மாறுபாடு இருக்கிறதா என்று பார்த்தால் தெளிவு கிடைக்கும் என்று ஆலோசகர் சொன்னாராம்.

"கூடப்பிறந்தவங்க யாராவதுன்னு கேட்டாங்க," என்றாள்.

"கூடப்பிறந்தவங்கன்னா..." என்று நான் கூரையைப் பார்த்து யோசித்தேன்.

"ஒரு அக்கா இருக்காங்க," என்று நினைவுபடுத்தினாள்.

வயதானவளை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அந்த வயதானவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அறுபத்திரண்டு வயதிலும் காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் ஏரியை ஒரு சுற்று நீந்திவிட்டு வருகிறவள். மனைவி போனில் விஷயத்தைச் சொன்னதும், துப்பத்தானே வேண்டும், தம்பியை நினைத்தாலே வந்துவிடும் என்று அக்கா சொன்னது எனக்கே கேட்டது. அவளுக்கு எலுமிச்சம்பழம் தேவைப்படவில்லை. குழாய் மூன்றாம் நாளே ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு வந்த ஏழு வாரமும் இரண்டு பேரும் அடிக்கடி போனில் பேசினார்கள். நான் பக்கத்தில் போனால், பேச்சு துணி துவைக்கிற சோப்பைப் பற்றி மாறிவிடும். இவர்கள் இவ்வளவு சோப்பைப் பற்றிப் பேசி நான் பார்த்ததில்லை. ஆற்றைப் பற்றிப் பேசிவிட்டார்களோ, முடியைப் பற்றிப் பேசிவிட்டார்களோ என்று எனக்கு உண்மையிலேயே படபடப்பு வந்தது.

எட்டாவது வாரம் ஒரு மாலை, அச்சகத்திலிருந்து வந்தவள் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் என் முன்னால் ஒரு தாளை வைத்தாள். ஆய்வுக்கூடத்திலிருந்து அவள் எண்ணுக்கு வந்த கடிதம், அச்சகத்திலேயே அச்சடித்துக்கொண்டு வந்திருந்தாள். களஞ்சியத்தில் புதிதாகச் சேர்ந்த தகவல்களின்படி, இந்த மாறுபாடு நல்ல உடல்நலத்தோடு இருக்கும் ஆயிரக்கணக்கான பேருக்கு இருக்கிறது. என் அக்காவுக்கும் இருக்கிறது. அவர் அறுபத்திரண்டு வயதில், சீரான இதயத் துடிப்போடு தினமும் நீந்துகிறார். ஆகவே மஞ்சளாக இருந்தது இப்போது பச்சை. 'தீங்கற்றது என மறுவகைப்படுத்தப்படுகிறது.'

"படிச்சீங்களா? இப்பவாவது விடாம படிங்க," என்றாள். கண் கலங்கியிருந்தது. "ஏழு வாரமா எனக்குச் சோறு இறங்கல."

என் நாடகத்தை நம்பினாளா இல்லையா என்பது ஒன்றே இத்தனை நாள் என் கவலை. அவள் பயந்துபோயிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. குடியேறியிருந்த உண்மை தானாகவே இடத்தைக் காலி செய்துகொண்டு வெளியே வந்தது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு நீச்சல் தெரியாது."

"தெரியும்."

"தெரியாதுங்கறேன்."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும்."

"அக்கா சொல்லிட்டாளா? சோப்புப் பேச்சுக்கு நடுவுலயா?"

"கல்யாணமான மூணாம் நாளே சொன்னாங்க. நான் ஆத்துலேருந்து இழுத்துப் போட்ட பையன், தண்ணிப் பக்கம் மட்டும் விட்டுடாதேன்னு."

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஆற்றுக் கதையை நான் அவளிடம் முதன்முதலில் சொன்னது ஐந்தாம் நாள்.

"அப்போ இருபத்தாறு வருஷமா ஏன் ஒரு வார்த்தை கேட்கல?"

"பேச்சுல வர்ற பிழைய நான் திருத்தறதில்ல. நல்லாத்தான் சொன்னீங்க, கேட்டுட்டு இருந்தேன்."

"பயம்னு தெரிஞ்சும் எதுக்குக் குளத்துக்குக் கூப்பிட்டே?"

"அந்த வகுப்புல நீச்சலே கிடையாதுங்க. இடுப்பளவு தண்ணியில கம்பியப் பிடிச்சுக்கிட்டு நடக்கறதுதான் பயிற்சி. விண்ணப்பத்துல கீழ சின்ன எழுத்துல போட்டிருந்தாங்களே, பார்க்கலயா?"

நான் பார்க்கவில்லை என்பதை ஒரு கண்ணாடிக் கடைக்காரன் தன் வாயால் எப்படிச் சொல்வது? இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று மட்டும் முனகினேன்.

"பயமா இருக்குன்னு நீங்க சொல்லியிருந்தா நானும் சொல்லியிருப்பேன்," என்றாள். "நாளைக்குத்தான் புது வகுப்பு ஆரம்பம், காலையில ஏழு மணிக்கு. விண்ணப்பத்த அங்கயே குடுத்துக்கலாம். துண்டு எடுத்து வச்சிருக்கேன். கம்பிக்கு ஒரு கை, எனக்கு ஒரு கை. போதுமா?"

போதும் என்று தலையாட்டினேன். மனம் இவ்வளவு லேசாகி வெகுநாள் ஆகியிருந்தது. பயம் போகவில்லை, ஆனால் அதைத் தூக்கிச் சுமக்க இப்போது இரண்டு பேர் இருந்தோம்.

அவள் இழுப்பறையைத் திறந்து விண்ணப்பங்களை வெளியே எடுத்தாள். ஓரத்தில் அந்தப் பென்சில் புள்ளி அப்படியே இருந்தது. கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள்.

"எழுத்துல வந்துடுச்சே, என்ன பண்றது," என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்லிக்கொண்டே இரண்டே இரண்டு திருத்தம் போட்டாள்.

'தண்ணீரில் முன் அனுபவம்: ஆற்றில் ஒருவரால் காப்பாற்றப்பட்டவர்.'